செடியிலிருந்து தலைக்கு

ஏப்ரல் 22, திங்கள்

இந்த டைரி ஹனீபா பாய் கொடுத்தது. திருச்சி விமான நிலையத்தில் எங்கள் பூப்பெட்டிகளைச் சுங்கம் தாண்டி ஏற்றிவிடுகிறவர் அவர். வருஷா வருஷம் ஒரு டைரி கொடுப்பார். நான் அதைப் பெட்டி ஒட்டும் டேப்புக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு மறந்துவிடுவேன். இந்த வருஷம் எழுதலாம் என்று தோன்றியது. காரணம் ஒன்றுமில்லை.

இன்று முப்பத்தொரு பெட்டி போனது. மல்லி இருபத்திரண்டு, மீதி முல்லை.

மத்தியானம் என் மகள் செலின் ஃபோன் செய்தாள். தேதி முடிவாகிவிட்டதாம். மே 25, சனிக்கிழமை, மாலை நாலரை மணிக்குச் சிங்கப்பூரில் மாதா கோவிலில் திருமணம். மாப்பிள்ளை டெரன்ஸ் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். அவள் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறான். வீடியோவில் நாலைந்து தடவை பேசியிருக்கிறேன். "ஆன்ட்டி சாப்பிட்டீங்களா" என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்கத் தெரியாத நல்ல பையன்.

"நீ வர்றதானம்மா?" என்றாள்.

"மே மாசம்டி. வரத்து உச்சத்துல இருக்கும். நான் ஷெட்டை விட்டுட்டு எங்கிட்டு நகர்றது?"

அவள் வற்புறுத்தவில்லை.

"சரி. பூவாச்சும் உன் கையால கட்டுனதா வரணும். நான் இங்க கடையில வாங்க மாட்டேன்."

"அது வரும்" என்றேன்.

ஃபோனை வைத்ததும் ஒரு படம் அனுப்பினாள். ஏதோ இணையப் பக்கம். திருச்சி விமான நிலையம் முதல் சிங்கப்பூர் விமான நிலையம் வரை தூரம் 2,980 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 4 மணி 10 நிமிடம். அதற்குக் கீழே அவள், 'இவ்வளவுதாம்மா' என்று எழுதியிருந்தாள்.

ஏப்ரல் 23, செவ்வாய்

அந்தப் பக்கத்தை எழுதியவன் ஒருநாளும் பூ அனுப்பியதில்லை.

விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு நேரம் பார்த்து யாருக்கு என்ன லாபம்? பூ விமான நிலையத்திலா பூக்கிறது? செடியிலிருந்து தலை வரை பார்க்க வேண்டும். காலை ஐந்துக்குப் பறிப்பு. எட்டுக்கு ஷெட். பத்துக்கு வண்டி நிலக்கோட்டையை விட்டுக் கிளம்ப வேண்டும், பன்னிரண்டரைக்குத் திருச்சி. மூன்றரைக்கு விமானம். அங்கே இறங்கும்போது நம் கடிகாரத்தில் ஏழு நாற்பது, அவர்கள் கடிகாரத்தில் பத்து பத்து. மறுநாள் காலை ஒன்பதரைக்கு அங்கே ஒரு பெண் அதைத் தலையில் வைக்கும்போது இருபத்தாறு மணி நேரம் ஆகியிருக்கும். மல்லிக்கு நாலு மணி பத்து நிமிடம் என்று ஒரு கணக்கே கிடையாது.

மொட்டு செடியை விட்டுவிட்டால் அன்று சாயங்காலமே விரியப் பார்க்கும். ஐஸ் வைத்து அதைத் தூங்கப்போடுவதுதான் எங்கள் தொழில். ஐஸ் கூடினால் கறுக்கும், குறைந்தால் பெட்டிக்குள்ளேயே விரிந்து போகும். சொட்டுத் தண்ணீர் பட்டாலும் போச்சு. ஷெட் சுவரில் இரண்டு கடிகாரம் மாட்டியிருக்கிறேன், இடதில் நம் நேரம், வலதில் சிங்கப்பூர் நேரம். பத்தொன்பது வருஷமாக நான் பார்ப்பது பெரும்பாலும் வலதுதான்.

பஞ்சவர்ணத்திடம் படத்தைக் காட்டினேன். ஷெட்டில் பெட்டி கட்டுகிற பெண்களுக்கு அவள்தான் தலைவி, என்னோடு பதினான்கு வருஷமாக இருக்கிறாள். வாயை மூடிக்கொண்டிருப்பது அவளுக்கு ஆகாது.

"நாலு மணி நேரந்தானாக்கா? நம்ம ஊருல இருந்து மெட்ராஸ் போறதுக்கு அதவிட ரெண்டு பங்கு ஆகுமே. போயிட்டு வந்துற வேண்டியதுதான?"

"வேலையப் பாரு" என்றேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

கோவிலில் செலின் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள். பெண் எங்கே கட்டிக்கொண்டாலும் சொந்தப் பங்குக் கோவிலில் மூன்று ஞாயிறு அறிவிக்க வேண்டும். 'நம் பங்கைச் சேர்ந்த, மறைந்த ஜெயசீலன், சகாயமேரி இவர்களின் மகள் செலின்' என்று சாமியார் வாசித்தபோது முன்வரிசையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்றார். தடை எதுவும் இல்லை. எனக்குச் சம்மதம்தான். நல்ல இடம்.

வெளியே வந்ததும் ஆளாளுக்கு "எப்ப கிளம்புற மேரி?" என்று கேட்டார்கள். சீசன் என்றேன். பதினோரு தடவை சொன்னேன்.

ஏப்ரல் 30, செவ்வாய்

ஹனீபா பாய் ஃபோனில் பிடித்துக்கொண்டார்.

"மேரிம்மா, பாஸ்போர்ட் இருக்குல்ல?"

இருக்கிறது. செலின் வேலைக்குப் போனபோது, நாலு வருஷத்துக்கு முன்னால், அவள் பிடுங்கல் தாங்காமல் எடுத்தது. ஒரு பக்கத்தில்கூட முத்திரை இல்லை.

"ஒரு விசாவப் போட்டு வைப்போம். போனா போங்க, போகாட்டி கிடக்கட்டும். என் மச்சான்தான் ஏஜென்டு, ஒரு வாரத்துல வந்துரும்."

வேண்டாம் என்றால் அரை மணி நேரம் பேசுவார். அந்தப் பக்கம் வண்டி கிளம்ப வேண்டும். அதனால்தான் சரி என்றேன். சாயங்காலம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஃபோட்டோ எடுத்துக்கொண்டேன். ஃபோட்டோக்காரன் சிரிக்கச் சொன்னான். எதற்கு என்று கேட்டேன்.

மே 5, ஞாயிறு

இரண்டாம் ஓலை. நாற்பத்தியாறு பெட்டி. வெயில் கொளுத்துகிறது.

மே 9, வியாழன்

விசா வந்துவிட்டது. ஒரு தாள்தான். அதைப் பீரோவில் வைத்தேன்.

திண்டுக்கல்லில் ஐஸ் பைக்குச் சொல்லிவிட்டு வரும்போது ஒரு பட்டுப் புடவை எடுத்தேன். மாம்பழ நிறம், மெரூன் கரை. பஞ்சவர்ணம் வீட்டில் பெண்ணுக்கு விசேஷம் வைத்தால் கட்டலாம்.

மே 10, வெள்ளி

பஞ்சவர்ணத்துக்கு இரண்டும் பையன்கள் என்று அவளே நினைவுபடுத்தினாள்.

மே 17, வெள்ளி

போன ஞாயிறு மூன்றாம் ஓலையும் முடிந்தது. எழுத மறந்துவிட்டேன்.

இன்று செலினோடு சரியாகப் பேசவில்லை. சரியாகப் பேசாதது நான்தான். கோவில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டுமே, அது யார் என்று கேட்டேன். டெரன்ஸுடைய மாமா ஒருத்தர் நடப்பதாகச் சொல்லியிருக்கிறாராம்.

"நல்லவராடி?"

"நல்லவர்தாம்மா. ஆனா நான் அவரை ரெண்டு தடவதான் பாத்திருக்கேன்."

அவளே மேலே சொன்னாள்.

"அம்மா, சீசன் அது இதுன்னு என்கிட்டயும் சொல்லாத. அப்பா வந்த வழின்னு உனக்குப் பயம். அது எனக்கு ஏழு வயசுலயே தெரியும். நீ வராட்டி நான் கோவிச்சுக்க மாட்டேன். பயமா இருக்குன்னு ஒரே ஒரு தடவ சொல்லிரு, போதும்."

"பொட்டி வந்துருச்சு, நான் அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். ஒரு பெட்டியும் வரவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு என்ன பெட்டி வரும்.

எழுதி வைக்கிறேன். வேறு யாரும் படிக்கப் போவதில்லை.

செலின் அப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். இரண்டு தடவை லீவில் வந்தார். அடுத்த தடவை உன்னை ஜன்னல் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்பார். மூன்றாம் தடவை சாரம் சரிந்து விழுந்து, பெட்டியில் வந்தார். திருச்சியில் ஆட்கள் வருகிற வாசலுக்குப் போய் நின்றேன். இங்கே இல்லை, சரக்கு வாசலுக்குப் போங்கள் என்றார்கள். அங்கே நாலு மணி நேரம் நின்றேன். செலின் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது சாதாரண குமாஸ்தாவாக இருந்த ஹனீபா பாய்தான் தண்ணீர் கொடுத்து, காகிதங்களில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினார். நான் நிற்கும்போதே பக்கத்தில் பூப்பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. செலின் அப்பா பெட்டி இறங்குகிற அதே வாசலில் எங்கள் ஊர் மல்லி ஏறியது.

இரண்டு மாதம் கழித்து பாயிடம் போய், இதை எப்படி அனுப்புவது என்று கேட்டேன். அப்படித்தான் இந்தத் தொழில். பூ போகட்டும், எத்தனை ஆயிரம் பெட்டி வேண்டுமானாலும் போகட்டும், நான் அந்த வழியில் கால் வைப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். செலினை வேலைக்கு அனுப்பும்போதுகூட காரை விட்டு இறங்கவில்லை. தலைவலி என்றேன்.

ஆமாம், பயம்தான்.

மே 20, திங்கள்

ஐம்பத்திரண்டு பெட்டி. இந்த வருஷத்தில் இதுதான் அதிகம்.

மே 23, வியாழன்

நாளைக்கு எல்லாம் தயார். பெரிய மாலை இரண்டு, செலின் தலைக்குத் தனிச் சரம், வருகிற பெண்களுக்கு வைக்க நாற்பது முழம், மேடைக்கும் வாசலுக்கும் உதிரி. மொத்தம் எட்டுப் பெட்டி. இரவு பத்து பத்துக்கு அங்கே இறங்கினால் டெரன்ஸின் அம்மா பிலோமினா வந்து எடுத்துப்போய்க் குளிர்பெட்டியில் வைப்பார். மறுநாள் மூன்று மணிக்கு வெளியே எடுக்க வேண்டும், நாலரைக்கு விரிய ஆரம்பிக்கும். இதை அவருக்கு மூன்று தடவை சொல்லிவிட்டேன். நாலாவது தடவை ஃபோன் செய்தபோது எடுக்கவில்லை.

மே 24, வெள்ளி

திருச்சி, ஹனீபா பாய் வீடு.

காலையில் நானே தோட்டத்தில் நின்று மொட்டைப் பொறுக்கினேன். மாலையும் சரமும் என் கையாலேயே கட்டினேன், ஒருத்தியையும் தொட விடவில்லை. ஒன்பதரைக்கு முடிந்தது. வழக்கமாக டிரைவர் ஒச்சப்பன்தான் தனியாகக் கொண்டுபோவான். இன்றைக்கு நானும் திருச்சி வரை போகிறேன் என்றேன். பஞ்சவர்ணம் கேலி செய்யவில்லை. "போயிட்டு வாங்கக்கா" என்று அடக்கமாகச் சொன்னாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சரக்கு வாசலில் இறக்கும்போது எண்ணினால் ஒன்பது பெட்டி. பஞ்சவர்ணம் எண்ணிக்கையில் பிசகவே மாட்டாள், இன்றைக்குப் பார்த்தா தூங்க வேண்டும் என்று திட்டிக்கொண்டே ஒன்பதாவதை வண்டியிலேயே விட்டேன்.

இரண்டே முக்காலுக்கு பாய் உள்ளேயிருந்து வந்தார். முகமே சரியில்லை.

"மேரிம்மா, பதறாம கேளுங்க. விமானத்தை மாத்திட்டாங்க. வந்திருக்கறது சின்னது. ஆளுங்க லக்கேஜுக்கே இடம் பத்தல. சரக்கு மொத்தத்தையும் எறக்கிட்டாங்க."

"அடுத்தது?"

"சரக்கு ஏத்தறது நாளைக்கு இதே மூணரைதான்."

நாளை மூன்றரைக்கு ஏறினால் அங்கே இரவு பத்து பத்து. கல்யாணம் முடிந்து, சாப்பிட்டு, இலையும் எடுத்திருப்பார்கள். நான் அந்த சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ கல்யாணத்துக்குப் பூ அனுப்பியிருக்கிறேன், என் பிள்ளை கல்யாணத்துக்குப் பூ போகவில்லை.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு ஒண்ணு இருக்கு" என்றார் பாய். "அதுல சரக்கு எடுக்க மாட்டாங்க. ஆனா யாராவது ஆள் போனா, அவங்க லக்கேஜா ரெண்டு பொட்டி போகும். அங்க ஒண்ணு நாப்பதுக்கு எறங்கும். தாராளமா நேரம் இருக்கு."

"யாரு பாய் போவா?"

அவர் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"விசா இருக்கறவங்கதான் போக முடியும்மா."

"பாஸ்போர்ட், விசா எல்லாம் வீட்டுல கிடக்கு" என்றேன். சொல்லும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். போக முடியாமல் போனால் என் மேல் குற்றமில்லை அல்லவா. ஒப்புக்குப் பஞ்சவர்ணத்துக்கு ஃபோன் போட்டேன்.

"அக்கா, ஒம்பதாவது பொட்டியத் தொறந்து பாத்தீகளா?"

"என்னடி சொல்ற?"

"தொறந்து பாருங்க. ஐஸ் வைக்கல, பயப்படாதீக."

ஒச்சப்பன் டேப்பைக் கிழித்தான். மேலே பூவுக்குப் போடுகிற தாள். அதன் கீழே மாம்பழ நிறப் பட்டு, ரவிக்கை, மாற்றுத் துணி, பல் துலக்கும் பிரஷ், ஒரு பொட்டலம் அதிரசம், பிளாஸ்டிக் உறையில் பாஸ்போர்ட்டும் விசாவும். அடியில், துண்டில் சுற்றி, என் வீட்டுச் சுவரில் இருந்த செலின் அப்பா ஃபோட்டோ. வீட்டுச் சாவி எப்போதும் ஷெட்டில் ஆணியில்தான் தொங்கும்.

"விமானம் மாறும்னு உனக்கு எப்படிடி தெரியும்?" என்று ஃபோனில் கத்தினேன்.

"எனக்கு என்னத்தக்கா தெரியும்? நீங்க அம்புட்டுத் தூரம் போயிட்டு, வாசல்ல நின்னு மனசு மாறுனா, பாஸ்போர்ட் இல்லன்னு திரும்பி வந்துருவீகள்ல. அதுக்குத்தான் வச்சேன்."

பதினான்கு வருஷம் ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இப்படித்தான், உள்ளே இருப்பது எல்லாம் தெரிந்துவிடுகிறது.

எட்டுப் பெட்டிகளும் வெயிலில் இருந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். குளிர் இருந்தது. நாளை சாயங்காலம் வரை தாங்கும், அதற்கு மேல் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அது வரும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். சொன்ன பெட்டியைச் சொன்ன நேரத்துக்குச் சேர்க்காமல் நான் விட்டதில்லை.

"டிக்கெட் போடுங்க பாய்" என்றேன். "பூவுக்காகத்தான் போறேன்."

"ஆமாமா, பூவுக்காகத்தான்" என்றார் அவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மாலைகள், செலின் சரம், நாற்பது முழம், எல்லாம் இரண்டு பெட்டிக்குள் அடக்கிவிட்டேன். பாய் வீட்டம்மா குளிர்பெட்டியில் இருந்த இறைச்சி, மாவு, தயிர் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, உள்ளே துடைத்து, எனக்கு ஒழித்துக் கொடுத்தார். மீதி ஆறு பெட்டிப் பூவும் இன்று சாயங்காலம் அந்தத் தெருப் பெண்கள் தலையில் ஏறியது. தெருவே மணக்கிறது.

செலினிடம் ஒரு ஆள் பூவைக் கொண்டுவருகிறார் என்று மட்டும் பாய் சொல்லியிருக்கிறார். ஆள் யார் என்று சொல்ல வேண்டாம் என்றேன். நான் ஏறுவேன் என்று எனக்கே இன்னும் நிச்சயமில்லை.

மே 25, சனி. விமானத்துக்குள்

முதலில் அந்த அவமானத்தை எழுதிவிடுகிறேன்.

பாய் முன்னாலேயே போய் வாசலில் நிற்பதாகச் சொன்னார். நானும் ஒச்சப்பனும் நாலரைக்குக் கிளம்பினோம். போய்ச் சேர்ந்து, இரண்டு பெட்டியையும் இறக்கி, பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அரை மணி நேரம் நின்றேன். பாயைக் காணோம். ஃபோன் வந்தது.

"எங்கம்மா இருக்கீங்க?"

"வாசல்லதான் பாய் நிக்கிறேன்."

"நானும் வாசல்லதான நிக்கிறேன்!"

பக்கத்தில் இருந்த காவலாளி என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"யம்மா, இது சரக்கு வாசல். நீங்க சரக்கா?"

பத்தொன்பது வருஷமாக ஒச்சப்பனுக்கும் எனக்கும் விமான நிலையம் என்றால் இந்த வாசல்தான். வண்டி தானாக அங்கே வந்து நின்றிருக்கிறது. இரண்டு பேருக்கும் உறைக்கவே இல்லை. ஒச்சப்பன் வண்டியைத் திருப்பிய வேகத்தில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பாய் என் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் வைத்து உள்ளே ஓடச் சொன்னார். அதற்கு மேல் அவரை விடவில்லை. கண்ணாடிக் கதவில் நான் ஒரு நொடி நின்றேன். ஆட்கள் வந்து போகிற வாசலில் பத்தொன்பது வருஷத்தில் இப்போதுதான் நிற்கிறேன். பின்னால் ஒரு குடும்பம் ஆறு பெட்டியோடு வந்து, "கொஞ்சம் நகருங்கம்மா" என்றது. பின்னால் போக வழியில்லை, முன்னால்தான் போக முடிந்தது. போனேன்.

பூவுக்குப் பூச்சி இல்லை என்று கொடுக்கும் சான்றிதழை மூன்று இடத்தில் காட்டினேன். கேட்காத இடத்திலும் காட்டினேன்.

ஜன்னல் சீட்டு கிடைத்தது. கேட்டு வாங்கினேன். பக்கத்தில் பெரம்பலூர்க்காரர் ஒருத்தர், வெல்டிங் வேலையாம்.

"மொதத் தடவையாம்மா?"

"பத்தொன்பது வருசமா இந்த வழிதான்" என்றேன். கிளம்பும்போது அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன் போலிருக்கிறது. மேலே போன பிறகுதான் மெதுவாக, "கைய எடுத்துக்கறேன்மா" என்றார்.

விமானி பேசினார். பறக்கும் நேரம் நான்கு மணி பத்து நிமிடம் என்று தமிழிலும் ஒருத்தர் சொன்னார். கீழே கடல் தெரிந்தது. என் காலுக்குக் கீழே, சாமான் அறையில், பூப்பெட்டி இருக்கிறது. அவரும் அப்படி ஒரு அறையில்தான் வந்தார். அந்த நாலு மணி நேரமும் யாரும் பக்கத்தில் இல்லாமல் வந்தார். அதை நினைத்து அழுதேன். ஜன்னல் பக்கம் திரும்பி நன்றாக அழுதேன். பெரம்பலூர்க்காரர் தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

அப்புறம் சாப்பாடு வந்தது. நல்ல பசி. முழுவதும் சாப்பிட்டேன். பையிலிருந்த ஃபோட்டோவை எடுத்து ஜன்னலில் வைத்தேன். ஜன்னல் சீட்டு என்றீர்களே, பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

வெளியே மேகம் எல்லாம் நமக்குக் கீழே கிடக்கிறது. இதை எனக்கு யாரும் சொல்லவே இல்லையே.

மே 26, ஞாயிறு. சிங்கப்பூர்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பாஸ்போர்ட் பார்க்கிற பெண் எதற்கு வந்தீர்கள் என்று தமிழிலேயே கேட்டாள். பூ கொண்டுவந்தேன் என்றேன். அவள் விழித்தாள். "என் பொண்ணுக்குக் கல்யாணம்" என்றேன். அதை வாய்விட்டுச் சொல்லி எத்தனை நாளாயிற்று. அவள் முத்திரை குத்தினாள். என் பாஸ்போர்ட்டில் முதல் முத்திரை.

வெளியே கூட்டத்தில் ஒரு அட்டை தெரிந்தது, 'நிலக்கோட்டைப் பூ' என்று எழுதி. அதைப் பிடித்துக்கொண்டு பிலோமினா நின்றார். அவர் பார்வை எனக்குப் பின்னால் வருகிற ஆண்களையே தேடிக்கொண்டிருந்தது. நேரே போய் அட்டைக்கு முன்னால் நின்றேன்.

"நான்தான்" என்றேன்.

"ஐயோ! செலின் அம்மாவா? அம்மாவா வந்திருக்கீங்க?" அட்டை கீழே விழுந்தது. அங்கேயே என்னைக் கட்டிக்கொண்டார். நான் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், யாராவது இடித்துவிடப் போகிறார்கள் என்று.

காரில் ஏறியதும் கேட்டேன், மணி என்ன? மூன்று என்றார். பெட்டியைத் திறந்து ஐஸ் பைகளை எடுத்துப் போட்டேன். பறித்து முப்பது மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. ஒரு மொட்டுகூடக் கறுக்கவில்லை. வெள்ளை வெளேரென்று வாய் மூடிக் கிடந்தது. குளிர்காற்றை நிறுத்திக் கண்ணாடியை இறக்கச் சொன்னேன். பிலோமினாவுக்கு வியர்த்துக் கொட்டியது, பட்டுப் புடவையோடு பாவம் ஒன்றும் சொல்லாமல் வந்தார்.

கோவிலுக்குப் பக்கத்து அறையில் செலின் கண்ணாடி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். காதோரம் யாரோ என்னவோ செய்துகொண்டிருந்தார்கள். பூ வந்துவிட்டது என்று ஒரு பெண் சொன்னாள்.

"தேங்க்ஸ்க்கா, அங்க வச்சிருங்க" என்றாள் செலின், நிமிராமலே.

நான் வைக்கவில்லை. சரத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். சின்னப் பிள்ளையிலிருந்தே அவள் ஆடாமல் நிற்க மாட்டாள். அவள் காது மடலைப் பிடித்துத் தலையைத் திருப்பித்தான் பூ வைத்து ஊசி குத்துவேன். பழக்கதோஷத்தில் நேற்றும் மடலைப் பிடித்துத் திருப்பினேன்.

அவள் உடம்பு அப்படியே நின்றுவிட்டது. மெல்ல நிமிர்ந்து கண்ணாடியில் பார்த்தாள்.

"அம்மா."

"ஆடாத. ஊசி குத்திரும்."

"எப்படிம்மா வந்த?"

"பூவோட லக்கேஜா வந்தேன்."

அப்புறம் அவள் முகத்துக்குப் போட்டதெல்லாம் மறுபடி போட வேண்டியதாயிற்று. அலங்காரம் செய்த பெண் என்னை முறைத்தாள். முறைத்தால் முறைக்கட்டும். "எனக்குப் பயமாத்தான்டி இருந்துச்சு" என்று செலின் காதில் சொன்னேன். அவள் ஒரே ஒரு தடவை சொல் என்று கேட்டது அதுதானே.

டெரன்ஸுடைய மாமா கோட்டு சூட்டோடு தயாராக நின்றார். என்னைப் பார்த்ததும் தானாகவே ஒதுங்கிக் கொண்டார். நல்லவர்தான்.

நாலரைக்கு மணி அடித்தது. கோவில் கதவைத் திறந்தார்கள். என் வலது கையில் செலின். இடது தோளில் பை, பையில் அவர். எல்லோரும் எழுந்து நின்றார்கள். பாதி வழியில் அவள் மெதுவாக, "அம்மா, பூ விரியுது" என்றாள். எனக்கு அவளுக்கு முன்னாலேயே தெரியும். வாசம் வந்துவிட்டது. முன்னால் நடந்த பெண்கள் தலையிலிருந்து, மாலையிலிருந்து, அவள் பின்னலிலிருந்து, ஒரே நேரத்தில் மொத்தமும் வாய் திறந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நிலக்கோட்டை மல்லி என்று உரக்கச் சொல்ல வேண்டும் போலிருந்தது, கோவில் ஆயிற்றே என்று அடக்கிக்கொண்டேன். என் பூவை அது போய்ச் சேருகிற இடத்தில் நின்று நான் பார்த்ததே இல்லை. இத்தனை வருஷமும் மொட்டாகவே அனுப்பியிருக்கிறேன். நிமிர்ந்து நடந்தேன். பீடம் வரைக்கும் நிமிர்ந்துதான் நடந்தேன்.

டெரன்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி சாப்பிட்டீங்களா?" என்றான்.

இன்று காலை பஞ்சவர்ணம் ஃபோன் செய்தாள். ஷெட்டில் அத்தனை பேரும் அவளைச் சுற்றி நிற்கிறார்கள் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. ஃபோட்டோ எல்லாம் பார்த்துவிட்டார்களாம். மாம்பழ நிறம் எனக்கு எடுப்பாக இருக்கிறதாம். தன் வீட்டு விசேஷத்துக்கு இனி வேறு எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அங்கிட்டுப் போக எம்புட்டு நேரம்க்கா ஆச்சு?"

"நாலு மணி பத்து நிமிசம்."

"அம்புட்டுத்தானா?"

ஜன்னலுக்கு வெளியே வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. செலின் உள்ளே எனக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தாள், அவள் தலையில் நேற்றைய பூ இன்னும் வாடவில்லை.

"அம்புட்டுத்தான்டி" என்றேன்.